கைகண்ட குளிசை

சூப் நிரப்பிய ஃபிளாஸ்க்கோடு வார்ட்டுக்குள் வந்த பாக்கியரத்தினத்தைக் கண்டதும், ஜெயரூபி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் கணவன் ரஜீவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“முதலாளி அக்கா வந்திருக்கிறா. எழும்பும்.”

அவள் அசையவில்லை.

“விடுங்கோ தம்பி. வருத்தக்காரப் பிள்ளை, படுக்கட்டும்.” பாக்கியரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திருகோணமலையில் அவளுடைய சேலைக்கடை பேர் போனது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று எங்கே கலியாணம் என்றாலும் சேலை எடுக்க அங்கேதான் வருவார்கள். கடையில் நிற்கும் பிள்ளைகளைப் பெற்ற தாய் மாதிரிப் பார்க்கிறாள் என்றுதான் ஊரில் கதை. தலையிடி என்றால் பனடோல் எடுத்துக் கொடுப்பாள். சிறுநீர் எரியும் சலக்கடுப்பு என்றால், அதற்கென்றே மேசை லாச்சிக்குள் ஒரு குளிசை இருக்கும்.

“கைகண்ட குளிசை தம்பி. எரியுது எண்டு இவள் வாய் திறக்க முந்தியே எடுத்துக் குடுப்பன். பின்னேரம் சிரிச்சுக்கொண்டு நிப்பாள். இந்த முறைதான் ஏனோ கேக்கேல்ல.”

ரஜீவன் மனைவியின் தோளைத் தட்டினான். “கேட்டீரோ? சொந்தத்தில ஆர் இப்பிடிப் பாக்கினம்? முகத்தையாவது காட்டுமன்.”

அந்த நேரம் பார்த்து, குளிசைக் கதை காதில் விழ, டொக்டர் ரபீக்கா வந்தார்.

“ஆர் அந்தக் குளிசை குடுத்தது?”

“நான்தான் டொக்டர்.” பாக்கியரத்தினம் பெருமையோடு எழும்பினாள்.

“எத்தினை நாளைக்கு?”

“எரிவு நிண்டாப் பிறகு என்னத்துக்கு? ரெண்டு, மிஞ்சினா மூண்டு. மிச்சம் அடுத்த பிள்ளைக்கு உதவும்.”

டொக்டர் பெருமூச்சு விட்டார்.

“அது அன்டிபயோட்டிக், அம்மா. சோதிச்சுப் பாத்து, எந்த மருந்து, எத்தினை நாள் எண்டு நாங்கள் சொல்லித்தான் குடிக்கவேணும். கண்டபடி குடிச்சா லேசில சாகிற கிருமி சாகும். மருந்துக்கு அடங்காதது தப்பிப் பெருகும். இவவின்ர சலத்தில இருக்கிற கிருமிக்கு வழமையாக் குடுக்கிற குளிசை ஒண்டும் கேக்குதில்லை. சிறுநீரகம் வரைக்கும் ஏறிப்போச்சு.”

ரஜீவனின் முகம் வெளிறியது. “வயித்தில பிள்ளை, டொக்டர்...”

“பயப்பிடாதேங்கோ. நேரத்துக்குக் கொண்டு வந்திட்டீங்கள். ஊசிமருந்து ஒண்டு கேக்குது. காய்ச்சல் இறங்கியிட்டுது, பிள்ளையின்ர துடிப்பும் நல்லாயிருக்கு. ரெண்டு பேரையும் சுகமா வீட்ட அனுப்புவன். ஆனா மருந்து முடியும் மட்டும் இஞ்சதான் இருக்கவேணும்.”

பாக்கியரத்தினத்தின் கண் கலங்கியது. “நல்லது எண்டு நினைச்செல்லோ குடுத்தனான்.”

“அது விளங்குது. ஆனா உங்கட கடையில இருந்து இந்த வருத்தத்தோட வாறது இவ மட்டும் இல்லை. ஏன் அங்க எல்லாருக்கும் வருது?”

“வெக்கைதான் டொக்டர். இதுகள் தண்ணி குடிக்கிறதில்லை. போத்தில் போத்திலா நிரப்பி வைச்சாலும் தொடாதுகள். சொல்வழி கேளாத பிள்ளையள்.”

“நானும் எத்தினை தரம் சொன்னனான் டொக்டர்,” என்றான் ரஜீவன்.

டொக்டர் கட்டிலருகே குனிந்தார். “ஏன் பிள்ளை, தண்ணி குடிச்சா என்ன?”

ஜெயரூபி திரும்பினாள். கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழும்பி உட்கார்ந்தாள்.

“குடிச்சா பாத்ரூம் போகவேணும் டொக்டர். கடை திறந்தா அக்கா அதைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகியிடுவா. மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் திறபடும்.”

ரஜீவன் திகைத்துப் போனான். “என்னட்ட ஏன் சொல்லேல்ல?”

“சொல்ல வெளிக்கிட்ட நேரமெல்லாம் அவ குளிசை தந்த கதையைத்தானே நீங்கள் பெரிசாக் கதைச்சனீங்கள்.”

“சனம் நிக்கேக்க ஒவ்வொருத்தியா எழும்பிப் போனா யாவாரம்...” என்று தொடங்கிய பாக்கியரத்தினம், டொக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஜெயரூபியின் குரலில் கோபம் இல்லை. நடுக்கமும் இல்லை.

“கடையில ஜெஸ்மினும் மற்றப் பிள்ளையளும் இப்பவும் அடக்கிக்கொண்டுதான் நிப்பினம். என்னைப் பாத்தது போதும் அக்கா. போய்த் திறந்து விடுங்கோ.”