ஆறரை நம்பர் கையுறை

கையுறையின் சுண்டுவிரல் கட்டில் கம்பியில் பட்டது.

ஹாகன் மிஸ் பார்க்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டார். ட்வைலா பார்த்துவிட்டாள்.

கிருமியில்லாத கையுறையைப் போட்டபிறகு எதையும் தொடக்கூடாது. கையைத் தொங்கப் போடவும் கூடாது. நெஞ்சுக்கு முன்னால் ஏந்தியபடியே நிற்கவேண்டும். மூக்கு அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

கட்டிலில் கிடந்தது ரப்பர் பொம்மை. அதற்குச் சிறுநீர்க் குழாய் செருகவேண்டும், அதுதான் பரீட்சை. கை தப்பாகப் பட்டதை நாமே வாய்விட்டுச் சொன்னால் கையுறையை மாற்றிக்கொண்டு தொடரலாம். நாம் சொல்லாமல் மிஸ் கண்ணில் பட்டால் பெயில். நான் ஏற்கெனவே ஒருமுறை பெயில். இன்னொன்று என்றால் நர்சிங் செட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

எங்கள் கல்லூரியில் செட் என்றால் செட்தான். இருபத்து நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகப் படித்து, ஒன்றாக வெளியே போகவேண்டும். முந்தைய செட்டில் ஒன்பது பேர் பாதியில் கழன்றுகொண்டார்கள். நாங்கள் ஒருவரையும் விடமாட்டோம் என்று முதல் வாரமே கைமேல் கைவைத்துச் சொல்லியாயிற்று.

ட்வைலா எனக்குப் பயிற்சி ஜோடி. ஐம்பத்திரண்டு வயது. ஆப்பிள் கிடங்கில் இருபது வருஷம் பெட்டி தூக்கிவிட்டுப் படிக்க வந்தவள். செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரி வார்டை விட்டு வெளியே வந்ததும், கார்களுக்கு நடுவே குனிந்து வாந்தி எடுப்பேன். அவள்தான் முதுகைத் தடவிவிடுவாள். "மெதுவா எடுத்துட்டு வாடி யெசேனியா, நாங்க என்ன ஓடியா போறோம்?" என்பாள். எனக்கென்று பையில் புதினா மிட்டாய் வைத்திருப்பாள்.

இரண்டாம் மாதம், படிப்பை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பதினொரு பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி பெரிய பானையில் போசோலே சூப் கொண்டுவந்தாள். அம்மா எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபிறகுதான் எழுந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இப்போதும் வாயைத் திறக்காமல் நின்றேன். ஹாகன் மிஸ் பேனாவோடு என் பக்கம் திரும்பினார்.

சரக்கென்று காகிதம் கிழிபட்டது. ட்வைலா தன் சட்டைப் பையிலிருந்து புதுக் கையுறைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மேலே ஆறரை என்று போட்டிருந்தது. என் அளவு. ஜோடியின் அளவில் ஒன்று எப்போதும் பையில் இருக்கவேண்டும் என்பது எங்கள் செட்டின் வழக்கம்.

"எதுக்கு அது?" என்றார் மிஸ்.

"கம்பியில பட்டுடுச்சுன்னு அவளே சொன்னா மிஸ். இவளுக்குத்தான் குரலே வெளிய வராதே, உங்களுக்குத் தெரியாததா?"

பச்சைப் பொய். மிஸ்ஸும் பார்த்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள் போல. பரீட்சையில் பொய் சொன்னவர்களுக்கு இங்கே இரண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது. இருபது வருஷப் பெட்டிகளுக்குப் பிறகு, ட்வைலா மறுபடி அந்தக் கிடங்குக்கே போகவேண்டியதுதான்.

மிஸ் என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

மூக்கு அரித்தது. கையை இறக்க வழியில்லை. ட்வைலா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பொட்டலத்தை நீட்டியபடி நின்றாள்.

"ஆமா மிஸ்."

புதுக் கையுறை கச்சிதமாக ஏறியது. குழாயைச் செருகினேன். பாஸ்.

வராந்தாவில் காத்திருந்த செட் முழுக்கக் கைதட்டியது. ட்வைலா என் உள்ளங்கையில் மிட்டாயை வைத்து அழுத்தினாள். "நல்லவேளை, தப்பிச்சடி."

இவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? ஹாகன் மிஸ் எந்தப் பக்கம் நிற்பார் என்று காலையிலேயே பார்த்துவைத்து, அவர் கண்ணில் படட்டும் என்றே அந்தப் பக்கத்துக் கம்பியில் விரலை வைத்தேன்.