சோதிக்க இருபது நிமிடம்

திரையில் பதினோரு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் என் தம்பி கடைக்குள் வந்து நின்றான்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் தொழில். நான் திரையை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றேன்.

எங்களுடையது பெயர்ப்பலகை செய்யும் கடை. எழுத்துகளை வடிவமைப்பது என் வீட்டுக்காரர். ஸ்டிக்கரை வெட்டி ஒட்டுவது நான். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் வரை அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் ரகளை.

ஒரு வருடத்துக்கு முன் ஒருநாள், கம்ப்யூட்டரை முறைப்படி மூடாமல் மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்துவிட்டேன். மறுநாள் காலை அது எழுந்திருக்க அடம்பிடித்தது. தன் அஸ்திவாரமான ரூட் பகுதியை மூலைமுடுக்கெல்லாம் சோதித்த பிறகுதான் வேலைக்கு வருவேன் என்று சதவீதம் எண்ணியது. முழுசாக இருபது நிமிடம்.

அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தோம். நாயே வளர்க்காத ஒருவர் 'நாய் ஜாக்கிரதை' பலகை கேட்டு, அதிலும் நாய் கொஞ்சம் கோபமாக இருக்கட்டும் என்றாராம். அதைச் சொல்லிப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கு ஆச்சரியம்.

விடுவேனா? அன்றிலிருந்து தினமும், கம்ப்யூட்டரை மூடிவிட்டு வா என்று சொல்லி அவர் வண்டியை எடுக்கப் போவார். நான் நேராக மெயின் சுவிட்சுக்குப் போவேன்.

அந்த இருபது நிமிடத்துக்கு இப்போது என் கூடப்பிறந்தவனே எமனாக வந்திருந்தான்.

தினமும் இப்படித்தானா என்று கேட்டான். ஹார்டு டிஸ்க் பழசு, மெதுவாகத்தான் எழும் என்றார் அவர். நானும் ஆமாம் போட்டேன். அவன் காதில் வாங்கினால்தானே. சோதனை முடிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பாஸ்வேர்டு மறந்துவிட்டதே என்று அவர் இழுத்தார். போட்டுக்கொடுத்ததே நான்தானே மாமா என்று இவன் தட்ட ஆரம்பித்தான்.

ஐந்தே நிமிடத்தில் என் பக்கம் திரும்பி, தினம் மெயினை அணைப்பது நீதானே என்றான். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன்.

"ஆனா அக்கா, அதைச் சரிபண்ண இதுக்கு அஞ்சு செகண்டு போதும். எப்படி அணைச்சாலும், ஒவ்வொரு தடவை எழும்போதும் முழுசா சோதிக்கணும்னு யாரோ கைப்பட ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க."

அப்படி எழுதப் பாஸ்வேர்டு வேண்டுமாம். எனக்கு அது தெரியாது.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். ஊமைக்குசும்பர், பிளாஸ்க் மூடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று தம்பி கேட்டான்.

"இருக்கட்டும் மச்சான். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் கடைக்கே வர்றேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தம்பி விடாமல், அந்த வரி எழுதப்பட்ட தேதியையும் நேரத்தையும் உரக்கப் படித்தான். போன வருடம், எங்கள் கல்யாண நாள், மத்தியானம் இரண்டு மணி.

கல்யாண நாளும் அதுவுமாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறாரே என்ற ஆத்திரத்தில், நான் முதன்முதலாக அந்த சுவிட்சை அணைத்தது அன்று சாயங்காலம்தான்.