மோமோஸுக்குக் கொசுவம்

வெண்ணந்தூரில் தறிச் சத்தம் ஓயாத மாலை நேரம். சமையலறை ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் சௌந்தர்யாவின் விரல்கள் மைதா வட்டத்தின் ஓரத்தை மடித்து மடித்துக்கொண்டு போகின்றன. கல்யாணப் பெண்களின் பட்டுப் புடவைக்குக் கொசுவம் மடித்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அந்தப் பழக்கத்தில் கை தானாக ஓடுகிறது. கோழிக்கறியும் முட்டைகோஸும் கேரட்டும் வைத்துப் பொதிந்த ஒவ்வொரு மோமோவும் குட்டியாகப் புடவை கட்டிக்கொண்டு தட்டில் வந்து உட்காருகிறது. போன ஞாயிறு செய்தவை ஆவியில் வாய் பிளந்து, சாறெல்லாம் இட்லிச் சட்டித் தண்ணீரில் ஒழுகிப் போயின. "கொழுக்கட்டைக்கு எதுக்கு சாமி இத்தன சிங்காரம்?" என்று மாமியார் மாரியாயி சிரித்த சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அதே மாரியாயிதான் இன்று அடுப்படியை விட்டு நகராமல் நிற்கிறாள். சௌந்தர்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு இட்லிச் சட்டியின் மூடியைத் திறக்கிறாள். ஆவி மெல்ல விலகுகிறது. கேரட்டின் நிறம் வெளியே தெரியும்படி மாவு பளபளக்கிறது. மடிப்புகள் வைத்தது வைத்தபடி நிற்கின்றன. மாமியார் நாலைந்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போகிறாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்கக்கா, கொழுக்கட்டைங்களா?" என்கிறாள்.

"கொழுக்கட்டையா? கண்ணத் தொறந்து நல்லாப் பாரு. மோமோஸு! எங்கூட்டு மருமவ புடிச்ச கொசுவம். ஆவியில வெந்தும் ஒண்ணாச்சும் கலைஞ்சிருக்குதா, சொல்லு!"