குதிரையின் முன்னங்கால்

கீழே கிடந்ததை எடுத்துச் சிற்பம் செய்கிற அருளப்பன் தன் கண்காட்சிகளில் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. வாசலருகே நின்று வருகிறவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். சைக்கிள் செயின், குக்கர் மூடி, ஃபேன் இறக்கை எல்லாமே யாரோ தொலைத்தவை. இது என்னுடையது என்று ஒருவர் வந்து நின்றால் என்ன சொல்வது என்ற பயம் தலை நரைத்த பிறகும் போகவில்லை. விருதுகள் வந்தன, அந்த ஒருவர் மட்டும் வரவில்லை.

அன்று வந்தார். கக்கத்தில் ஊன்றுகோலோடு வந்த காத்தமுத்து, பாய்கிற நிலையில் இருந்த இரும்புக் குதிரைக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். குதிரை தூக்கியிருந்த முன்னங்கால், அருளப்பன் ஆற்றுமணலில் கண்டெடுத்த செயற்கைக் கால்.

"சார், அது எங்காலு. போன வருசம் வெள்ளத்துல போயிருச்சு. கட்டைவிரல்ல பாருங்க, எம்மவ போட்டுவிட்ட நெயில் பாலிஷ்."

அந்தச் சிவப்பை ரத்தம் என்று பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள்.

அருளப்பன் ஸ்பேனரை எடுத்துக் காலைக் கழற்றினார். குதிரை விழவில்லை. காத்தமுத்து காலை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு, குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி நடந்து பார்த்தார்.

"குதிரைக்கு என்ன செய்வீங்க?"

"பாத்துக்கலாம்ங்க."

"இந்தாங்க," என்று ஊன்றுகோலை நீட்டினார் காத்தமுத்து. "எனக்கு இனிமே எதுக்கு."

அருளப்பன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சிற்பத்துக்கென்று ஒரு பொருளை ஒருவர் அவர் கையில் கொடுப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.