குளக்கட்டில் ஒரு கட்டெறும்பு

லோறன்ஸ் அண்ணன் குளக்கட்டில் ஏறி வருவதைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றேன்.

பொய் சொல்லும் முறை இன்றைக்கு என்னுடையது.

"மூக்கன், ஒரு சந்தேகம்," என்றார் கிட்ட வந்து. "கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை எண்டு சொல்லுறாங்களெல்லே. அந்தச் சொல் எங்கயிருந்து வந்தது? கழுதை எப்பிடித் தேயும்?"

இந்தக் கேள்வியோடுதான் மனிதர் ஒரு கிழமையாக ஊரெல்லாம் திரிகிறார்.

அனுப்பியது அவர் மனைவி, புனிதமலர் அக்கா. முதல் நாள் வேலிக் கதியால்களைப் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்க எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு ஓடிவந்து இங்கே கொட்டில் போட்ட நாளிலிருந்து, அந்த அக்காவை அதுவரை நான் கொட்டிலுக்கு வெளியே கண்டதில்லை.

"அந்த மனுசனுக்கு மறதி கூடிப்போச்சு தம்பி. சாப்பிட்டுக் கைகழுவிப்போட்டு, சோறு எங்க எண்டு கேக்குது. ஒரே இடத்தில குந்திக்கொண்டிருந்தா மூளையும் குந்திப்போடுமாம். நடந்தாத்தான் மூளைக்கு ரத்தம் ஓடுமாம். ஆஸ்பத்திரி மிஸ்ஸி அவரிட்டைச் சொன்னவவாம்."

கடல் இல்லாத ஊரில் கடல்காரன் குந்தாமல் என்ன செய்வான் என்று நினைத்தேன்.

நடவுங்கோ என்றால் நடக்கமாட்டாராம். ஆனால் ஒரு கேள்வியைக் காதில் போட்டுவிட்டால் விடை தெரியாமல் விடமாட்டாராம். அதனால் நாங்கள் ஆளாளுக்கு ஒரு கதையைச் சொல்லி, சரியான விடை இன்னாரிடம் இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். அக்காவின் ஏற்பாடு அது.

நெல்லுமில் செல்வநாயகம், ஒரு கஞ்சன் தீனியைக் குறைத்துக் குறைத்துக் கழுதையை எறும்பாக்கினான் என்றார். தேத்தண்ணிக் கடைக் கமலாசனி, கழுதை செத்த செய்தி ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தபோது செத்தது எறும்பாகிவிட்டது என்றார். எங்கள் ஊரில் செய்தி அப்படித் தேய்வதில்லை. ஊதும்.

நான் நாள் முழுக்க மண் சுமந்தபடி யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மலையகத்துல எங்க தோட்டத்துல ஒரு கழுதை இருந்துச்சு அண்ணே. கொழுந்து மூட்டை சுமந்து சுமந்து..."

"தேயிலைத் தோட்டத்தில கழுதையோ? லொறி எல்லோ வாறது."

"லொறி வாறதுக்கு முந்தி அண்ணே."

"அப்ப நீ பிறந்திருக்கமாட்டாய்."

"மிச்சம் இளையதம்பி அண்ணனுக்குத்தான் தெரியும்," என்றேன்.

"அவன்தான் உன்னட்டை அனுப்பினவன்." சிரித்தார். "விடு. நானே கண்டுபிடிச்சிட்டன்."

திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். எங்கள் குளக்கட்டு நேரானது, நீளமானது. மரம் இல்லை.

"இப்பிடி ஒரு வெளியில ஒருத்தன்ர கழுதை அவனை விட்டிட்டுப் போகுது. போகப்போக ஆடு மாதிரி. பிறகு பூனை மாதிரி. கடைசியில கட்டெறும்பு. பாத்துக்கொண்டு நிண்டவன் சொன்ன சொல்லடா அது. சரி, திரும்பி வந்தா?"

"வந்தா?"

"கட்டெறும்பு வளந்து கழுதையாகும். அங்க பார்."

கட்டின் மறுமுனையில் ஒரு கறுப்புப் புள்ளி.

"மாடா அண்ணே?"

"மாடோ? அது என்ர மனுசி. அவளிட்டைச் சொல்லிப்போடாதை."

எனக்கு அது புள்ளிதான். கரையில் நின்று, தொடுவானத்தில் தெரியும் புள்ளியைப் பார்த்து இது இன்னாருடைய வள்ளம் என்று சொல்லிப் பழகிய கண் அவருக்கு.

"இடக்காலை இழுக்கிறாள். நேற்றையைவிடக் குறைவு," என்றார். "நான் வழி மாறிப் போயிடுவன் எண்டு ஒவ்வொரு நாளும் பின்னால வாறவள்."

மறதிக்காரருக்கு நேற்றைய கால் நினைவிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மிஸ்ஸியிட்டை நான் போய்க் கேட்டது எனக்கில்லை மூக்கன்."

குரலைத் தாழ்த்தினார்.

"கடகத்தில மீன் சுமந்து ஊர் ஊராய் வித்தவள். இங்க வந்து குசினியில அடுப்பு மூலையில குந்தினவள் குந்தினபடி. உப்புப் போட்டதை மறந்தாள். பிறகு ஒருநாள் என்னைப் பாத்து, நீங்கள் ஆர் எண்டு கேட்டாள். தனக்காக எழும்பமாட்டாள். அதுதான் நானும் கொஞ்சம் மறந்து பாத்தன். உங்களை எல்லாம் வீடு வீடாய்ப் போய்ப் பிடிச்சது ஆர்? அவள்தானே. இப்பிடி ஒரு சூழ்ச்சியை யோசிச்சதும் அவள்தானே."

புள்ளிக்குச் சேலை வந்தது. பிறகு முகம் வந்தது.

அக்கா காதில் விழும் தூரத்துக்கு வந்ததும் லோறன்ஸ் அண்ணன் என் பக்கம் திரும்பி, நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, உன்ர பேரென்ன?"

"மூக்கனெல்லே," என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "மாரிக்கு முன்னம் எங்கட கூரைக்குக் கிடுகு கட்டினவர். குசினிப் பக்கம் ஒழுகுமெண்டு ரெண்டு அடுக்காய்ப் போட்டவர்."

கிடுகு கட்டிய அன்றைக்கு அக்கா அந்த மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"ஓம், ஓம். நான் மறந்துபோனன்," என்று சொல்லிவிட்டு லோறன்ஸ் அண்ணன் குளத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"தம்பி, விடை தெரிஞ்ச ஆள் வேற ஆரும் இருக்கினமோ?"

கொஞ்சம் யோசித்து, எனக்குத் தெரிந்ததிலேயே தூரமான வீட்டைச் சொன்னேன்.