இடப்பக்கம் ஐம்பது டிகிரி

நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து முதுகுகளையெல்லாம் நிமிர்த்தும் பிசியோதெரபிஸ்ட் ஹன்னெகேயிடம், அன்று நடுமுதுகு பிடித்துக்கொண்டதென்று வந்து உட்கார்ந்தான் அவள் கணவன் ருட்கர்.

"கையை மார்புல குறுக்கே கட்டிக்கோ. இடுப்பு அசையாம வலப்பக்கம் திரும்பு."

முப்பது டிகிரியில் முதுகு மறியல் செய்தது. இடப்பக்கமோ, எண்ணெய் போட்ட கதவு போல ஐம்பதைத் தொட்டது.

ஹன்னெகேவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆபீசில் அவனுக்கு இடப்பக்கம் உட்காருபவள், புதிதாகச் சேர்ந்த லோட்டே.

"நாள் முழுக்க இடப்பக்கமே பார்க்குற முதுகுடா இது."

"சைக்கிள்ல திரும்புறப்போ இடப்பக்கம் பார்க்கணும்ல?"

"ஊரே சைக்கிள்தான் ஓட்டுது. எல்லா முதுகும் இப்படியா இருக்கு? மரியாதையா சொல்லு, லோட்டே அவ்வளவு அழகா?"

"அழகோ என்னவோ, அவ தலைதான் மறைக்குது."

"எதை?"

ருட்கர் தரையைப் பார்த்தான். "ஜன்னலை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் உன் கிளினிக் வாசல் தெரியும். தினமும் ஒரு துடுப்புப் போட்டிக்காரன் கூனிக்கிட்டு உள்ள போறான், சிரிச்சுக்கிட்டு வெளியே வர்றான். அப்படி என்னதான்டி வைத்தியம் பண்றே?"

ஹன்னெகே சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் எழுதினாள்: 'நாற்காலியைத் திருப்பிப் போடவும். இனி ஒரு மாதம் அதே வாசலை வலப்பக்கமாகப் பார்க்கவும்.'