உண்டியலுக்கு அனுமதி

முதலில் பேனரைச் சுருட்டச் சொன்னாள் சப்-இன்ஸ்பெக்டர் அருணா.

கறம்பக்குடி பேருந்து நிலையத்தில், பட்டுக்கோட்டை பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஐந்து கல்லூரி மாணவர்கள் உண்டியலோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கம்பத்தில் கட்டியிருந்த பேனரில் இரண்டு வயதுப் பெண் குழந்தை சிரித்தது. பெயர் சுடர்விழி. தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய். ஒரே ஒரு ஊசிதான் மருந்து, அதன் விலையோ கோடிகளில்.

அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை.

உண்டியலுக்குச் சீல் வைத்திருக்கிறார்களா? அதுவும் இல்லை.

ஐவரில் முன்னால் நின்றவள் இர்ஃபானா. நல்ல காரியத்துக்கும் அனுமதி வேண்டும் என்று தங்களுக்குத் தெரியாது என்றாள். குரலில் பயம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

பூக்கடை அம்மா எழுந்து வந்து, பச்சப்புள்ள விஷயம்தானே, விட்டுவிடக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள்.

எப்படி விடுவது? போன வருடம், இறந்துபோன ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி ஒரு கும்பல் மூன்று ஊர்களில் வசூல் செய்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனில் இவ்வளவு கெடுபிடி. போன வாரம்கூட, கணவனின் டயாலிசிஸுக்காக இதே இடத்தில் டப்பாவோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியை அருணாதான் எழுப்பி அனுப்பினாள். அவள் அழுதுகொண்டே போனதை இந்தக் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

மாணவர்களைப் போலீஸ் பூத்துக்குள் அழைத்துப்போய் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்தாள். அனுமதி கொடுப்பது இன்ஸ்பெக்டர், தான் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பஸ்ஸை மறித்து நிற்கக் கூடாது, ஒவ்வொருவரும் அடையாள அட்டை மாட்டியிருக்க வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூடாது என்று விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இர்ஃபானா தலையாட்டிக்கொண்டே எழுதினாள்.

கடைசிப் பகுதியில் பேனா நின்றது.

குழந்தையின் படத்தை வைத்து வசூலிப்பதற்குப் பெற்றோர் இருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். அப்பா ரகுநாத், குடுமியான்மலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். யாராவது கேட்டால் காட்டச் சொல்லி, தன் சம்மதத்தைக் காலையிலேயே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதையே இணைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுடையது எங்கே என்று கேட்டாள் அருணா.

இர்ஃபானா தயங்கினாள்.

“அவங்களுக்கு இதுல இஷ்டமில்லையாம் மேடம். ஊரு முன்னால கையேந்த மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்களாம். சாரு அவங்களுக்குத் தெரியாமத்தான் எங்களக் கூப்பிட்டாரு.” பிறகு மெல்லிய குரலில் கேட்டாள். “இப்புடியும் ஒரு அம்மா இருப்பாங்களா?”

மின்விசிறிக் காற்றில் படபடத்த படிவத்தை அருணா அழுத்திப் பிடித்தாள்.

குழந்தையை நேரில் பார்த்தீர்களா என்றாள் அருணா.

நேற்று வீட்டுக்கே போய்ப் பார்த்தார்களாம். உட்கார வைத்தால் சரிந்துவிடுகிறதாம். ஆனாலும் இர்ஃபானாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, புறப்படும் வரைக்கும் விடவில்லையாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண் தன் விரலையே பார்த்துக்கொண்டாள்.

அருணா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வெளியேறியது.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, காலியாகக் கிடந்த கடைசி வரியில் கையெழுத்துப் போட்டாள்.

இர்ஃபானா எட்டிப் பார்த்துப் பதறினாள்.

“மேடம், அது புள்ளையோட அம்மா போடுற எடம்.”

“தெரியும்மா. நேத்து நீங்க வீட்டுக்கு வந்தப்ப நான் டூட்டியில இருந்தேன்.”

உறவுமுறை என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘தாய்’ என்று நிறுத்தி எழுதி, தாளை அவளிடம் நீட்டினாள் அருணா.